பாதி நடை

ஒருத்தர் சாப்பிட்டு இன்னொருத்தருக்குப் பசி தீராது. நடையும் அப்படித்தான் என்று ஐம்பத்தைந்து வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். அதனால் டாக்டர் ரிஸ்வானா, “ஒருத்தர் நடந்தா இன்னொருத்தருக்கு உடம்பு தேறும்” என்று சொன்னபோது, துணைக்குப் போயிருந்த நான் ஆஸ்பத்திரி என்பதையும் மறந்து சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த தாரணியக்கா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். அக்காவின் கிள்ளு சாதாரணக் கிள்ளு அல்ல. இரும்பு தூக்கிப் பழகிய விரல்கள் அவை.

தாரணியக்கா எங்கள் எதிர் ஃபிளாட். சிங்காநல்லூர் குளத்தைப் பார்த்தாற்போல் நிற்கும் அந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் காலையில் குளக்கரையில் ஒன்றாக நடக்கிறோம். ‘ஒன்றாக’ என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. அக்கா முன்னால் போவார், நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போவேன். என்னைவிட மூன்று வயது மூத்தவர் வேறு.

பெருக்குவதற்கும் துடைப்பதற்கும் காய் நறுக்குவதற்கும்கூட மெஷின் வந்துவிட்ட காலம் இது. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடியே ஒருத்தர் அறுபது வயதை எட்டிவிடலாம். அக்காவுக்கு நாற்பது வயதில் ஒரு நாள் மாடி ஏறும்போது மூச்சு வாங்கியதாம். நாமாக இருந்தால் மறுநாளிலிருந்து லிஃப்ட். அக்கா அன்றைக்கே மாடிப்படியைத் தன் ஜென்ம விரோதியாக்கிக்கொண்டார். பூபதியண்ணனின் பம்ப் கடையில் வீணாகக் கிடந்த இரும்பு மூடிகள் இரண்டைக் கழுவி எடுத்து வந்து, கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தார். தட்டில் சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டினார். கொள்ளோ பச்சைப்பயறோ முட்டையோ இல்லாத நாள் கிடையாது. அதற்காக நாக்கைச் செத்துப்போக விட்டவரும் அல்ல. பண்டிகை, நோம்பி என்று ஒப்புட்டுப் போளி சுட்டால் நெய் ஊற்றி ஒன்று தின்பார். அந்த ஒன்றோடு எழுந்து போய்விடுவார். அந்த எழுந்து போகிற திறமைதான் எனக்கு இன்றுவரைக்கும் கைவரவில்லை.

அவர் வீட்டுக்காரர் பூபதியண்ணன் நேர்மாறு. காரே தன்னைத்தானே ஓட்டிக்கொண்டு போக, பின் சீட்டில் சாய்ந்தபடி ஊர் ஊராகப் பம்ப் விற்றவர். காங்கேயத்தில் எந்தக் கடையில் பரோட்டா மெத்தென்று இருக்கும், தாராபுரத்தில் எந்த மெஸ்ஸில் குடல் குழம்பு காரமாக இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். “எங்க ஊட்டுல ஒருத்தி நடந்தாப் போதும் அம்மிணி, குடும்பத்துக்கே சேர்ந்துரும்” என்று என்னிடம் கிண்டலடிப்பார். அறுபது வயதில் ஒரு காலை பல் விளக்கப் போனவர் அப்படியே சரிந்தார். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. அதையெல்லாம்விடப் பெரிய கவலை இதயம்தான் என்றார் டாக்டர். உடற்பயிற்சி செய்தால் இதயம் தேறும், ஆனால் செய்வதற்கு உடம்பு வராது. அந்த முட்டுச்சந்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான் கையில் மாட்டுகிற ஒரு வளையைப் பற்றிய பேச்சு வந்தது.

“சிரிக்காதீங்க, சொல்றதைக் கேளுங்க” என்றார் டாக்டர் என்னைப் பார்த்து. “தசை வேலை செய்யும்போது ரத்தத்துல சில பொருட்களை அனுப்புது. அது இதயத்துக்கும் மூளைக்கும் எலும்புக்கும் போற ஒரு தாக்கல், ஒரு சேதி மாதிரி. ‘இந்தாள் நடக்கறார், நீயும் உன்னைச் சரிபண்ணிக்கோ’ன்னு. நடக்காதவங்க உடம்புக்கு அந்தத் தாக்கல் போறதே இல்லை. இந்தப் பங்குவளை ஒருத்தர் ரத்தத்துல இருக்கற அந்தத் தாக்கலைப் படிச்சு, இன்னொருத்தர் கையில இருக்கற வளைக்குச் சொல்லும். அந்த வளை அதே பொருட்களை அவர் உடம்புல சுரக்க வைக்கும்.”

“அப்ப நான் நடந்தா அவியளுக்கும் ஆகுமுங்ளா?” அக்கா நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார்.

“ஆகும். ஆனா சும்மா ஆகாது. படிக்கறதுக்காகப் பிரிச்சா, பிரிச்சது கெட்டுப்போயிரும். ஏறக்குறைய பாதி. நீங்க நடந்ததுல பாதிதான் உங்க உடம்புல தங்கும்.”

“நகல் எடுக்க முடியாதுங்களா?” என்றேன் நான்.

“இன்னும் முடியலை” என்ற டாக்டர் அக்காவின் பக்கம் திரும்பினார். “அம்பது தாண்டினா தசை தானாவே கொஞ்சம் கொஞ்சமா கரையும். எலும்பும் அப்படித்தான். நீங்க இருபது வருஷமா நடந்து, கனம் தூக்கி, பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டு அதுக்கு அணை போட்டு வெச்சிருக்கீங்க. இப்ப பாதியைக் கொடுத்தா அந்த அணையில நீங்களே ஓட்டை போட்ட மாதிரி. அறுபத்தஞ்சுல உங்களுக்கு இடுப்பெலும்பு முறிஞ்சா அப்பறம் என்னைத் திட்டக்கூடாது.”

“திட்ட மாட்டேனுங்க. எப்ப மாட்டி உடுறீங்க?”

பக்கத்துப் படுக்கையில் கிடந்த பூபதியண்ணன் வாயைக் கோணிக்கொண்டு எதையோ சொன்னார். மூன்று முறை சொன்ன பிறகுதான் புரிந்தது. “வேண்டாம்” என்றார். “அவளைத் திங்க மாட்டேன்” என்றார். கண்ணோரம் நீர் வழிந்து தலையணையில் இறங்கியது. அக்கா எழுந்து போய் முந்தானையால் துடைத்துவிட்டு, “சும்மா கெடங்க. நீங்க கேட்டு நான் எப்பக் குடுத்திருக்கறேன், வேண்டாம்னு சொல்லி எப்ப உட்டிருக்கறேன்?” என்றார். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அக்கா தோற்றுப்போன சண்டை ஒன்றுகூட இல்லை.

டாக்டரே மாட்டிவிட்டார். செம்பு நிறத்தில் இரண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி இருந்தன. “கொடுக்கறவங்களுக்கு வலது கை, வாங்கறவங்களுக்கு இடது கை. எந்தக் கையில இருக்குன்னு வளையே கண்டுபிடிச்சுக்கும். வாரத்துக்கு ஒருதரம் கழட்டிக் கழுவி, சார்ஜ் போட்டுத் திரும்ப மாட்டிக்கங்க” என்றார். அக்கா தலையாட்டினார். ஆனால் அவர் கண் முழுக்க அண்ணனின் முகத்தில்தான் இருந்தது.

முதல் வெள்ளிக்கிழமை நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன். சுண்டல் மணம் கூப்பிட்டது என்பதை மறைப்பானேன். கழுவித் துடைத்த வளைகளை அக்கா சாமிப் படத்தின் முன்னால் வைத்துக் குங்குமம் இட்டிருந்தார். கல்யாணத்துக்கும் கோயில் நோம்பிக்கும் காப்புக் கட்டுகிற மாதிரியே, அண்ணனைக் கட்டிலிலேயே தலையணையில் சாய்த்துக் கிழக்குப் பார்க்க உட்காரவைத்து, அவர் வலது கையில் ஒன்றை மாட்டினார். தன் இடது கையை நீட்டினார். அண்ணன் தன் ஒற்றைக் கையால் தடுமாறித் தடுமாறி இன்னொன்றை அதில் பூட்டினார். பூட்டி முடித்ததும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்குக்கூட அப்படிப் பார்க்கத் தெரியாது. எனக்கு அங்கே இருப்பதே வெட்கமாகிவிட்டது. சுண்டலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து அக்கா நடந்த நடையை என்னவென்று சொல்வது! முன்பு குளத்தை ஒரு சுற்று வந்து நிறுத்துவார். இப்போது இரண்டு.

“பாதி அவியளுக்குப் போயிருதல்ல சிந்து? அப்ப ரெண்டு மடங்கு நடந்தாத்தான் எனக்கு எம்பட பங்கு மிஞ்சும்” என்றார். கணக்கு சரிதான், ஆனால் கால் யாருடையது? மழை பெய்தால் குடை, வெயில் அடித்தால் தொப்பி, மார்கழிக் குளிரென்றால் விரல் நுனி வரை மூடுகிற சட்டை. இரும்பு மூடிகள் இரண்டோடு இன்னும் இரண்டு சேர்ந்தன. அண்ணனுக்கென்று பத்தியமாக ஒன்றும் தனக்கென்று ருசியாக ஒன்றும் சமைக்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே சமையல். அரிசிம்பருப்பு சாதத்தில் அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டி, பக்கத்தில் தட்டு நிறையப் பொரியல் வைப்பார். கொள்ளு கடைந்தால் கட்டடம் முழுக்க மணக்கும். “சாப்பாட்டுக்குப் பங்குவளை இல்லீல்ல. அதை அவியவிய வாயிலதான் தின்னோணும்” என்பார்.

குளக்கரையில் அக்காவைப் பார்த்துவிட்டுப் பலரும் வளை வாங்கினார்கள். இப்படி ஒரு பொருள் வந்ததும் முதலாளிகள் தங்கள் ஆட்களை நடக்கவிட்டுத் தாங்கள் படுத்திருந்த கதையெல்லாம் நடந்து, ஒரே வீட்டில் வாழ்கிறவர்களுக்கு மட்டும்தான் என்று சட்டம் வந்திருந்தது. முதலாளிகளை அடக்கிவிட்டது சட்டம். வீட்டை யார் அடக்குவது? விடியலில் வளையோடு வேர்க்க வேர்க்க நடந்தவர்களில் முக்கால்வாசி பெண்கள். அவர்களுடைய வீட்டுக்காரர்கள் போர்வைக்குள் இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்குப் பக்கவாதம், எத்தனை பேருக்கு வெறும் சோம்பேறித்தனம் என்று டாக்டர் ரிஸ்வானாவுக்குத்தான் வெளிச்சம். எங்கள் வீட்டுக்காரரும் ஒரு நாள் காப்பியை உறிஞ்சிக்கொண்டே, “நாமளும் ஒரு ஜோடி வாங்கிரலாமா சிந்து?” என்றார். “வாங்கிரலாமே. நீங்க நடங்க, நான் படுத்துக்கறேன்” என்றேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

பூபதியண்ணன் தேறினார். அதுதான் அதிசயம். குழறல் முதலில் போனது. பிறகு சாயாமல் உட்கார்ந்தார். பிறகு இடது கால் கட்டைவிரல் அசைந்தது. அக்கா நடந்துவிட்டு வந்ததும் வியர்வையைக்கூடத் துடைக்காமல் அந்தக் கட்டைவிரலைத்தான் பார்ப்பார்.

அக்கா கடைக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம் நான் மைசூர்பா டப்பாவை மறைத்து எடுத்துக்கொண்டு அண்ணனைப் பார்க்கப் போனேன். பாவம், பரோட்டா சாம்ராஜ்யத்தையே ஆண்ட மனிதர் கொள்ளு ரசத்தில் காலம் தள்ளுகிறாரே என்ற இரக்கம்தான். அவர் படுத்தபடியே வலது கையால் ஒரு ரப்பர் பந்தை அழுத்திக்கொண்டிருந்தார். அது முடிந்ததும் ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி, கையால் இழுத்து இழுத்து இடது காலை உயர்த்தினார். முகம் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“எதுக்குண்ணா இந்தப் பாடு? அக்காதான் உங்களுக்கும் சேத்து நடக்கறாங்களே” என்றேன்.

“அவ நடக்கட்டும் அம்மிணி. எனக்கும் பொழுது போகோணுமல்ல” என்றார்.

டப்பாவைத் திறந்து நீட்டினேன். அந்த நெய் வாசனைக்குப் பழைய பூபதியண்ணன் டப்பாவோடு விழுங்கியிருப்பார். அவர் ஒரு நிமிஷம் கண்ணை மூடி மோந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டார். “வேண்டாம். நான் கெட்டா அவளுக்குக் கொறையும்” என்றார். நோயாளி எதையோ மாற்றிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். டப்பாவை வாங்கும்போது அவர் கை வளை என் விரலில் பட்டது. நல்ல சூடாக இருந்தது.

“என்னண்ணா இப்படிச் சுடுது? அக்கா கடைக்கு ஓட்டமா ஓடறாங்களாட்ட இருக்குது” என்றேன்.

அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பு நின்றதும், “அவளுக்கு முழங்கால் வலி ஏதும் இருக்குதுன்னு சொன்னாளா? ராத்திரி நல்லாத் தூங்கறாளாட்டத்தான் தெரியுது. உன்ர கிட்ட ஏதாச்சும் சொன்னாளா?” என்று துருவினார். அவர் என்னிடம் எப்போது பேசினாலும் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். குற்ற உணர்ச்சியில் கேட்கிறார் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு, மைசூர்பா மொத்தத்தையும் வீட்டுக்கு வந்து நானே தீர்த்தேன்.

ஐப்பசி மழையில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தவர், விடிந்ததும் எழுந்து செருப்பைத் தேடினார். நான் கஞ்சியோடு உள்ளே போகிறேன், அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வருகிறார்.

“பைத்தியமாக்கா உங்களுக்கு? போய்ப் படுங்க!”

“நான் படுத்துட்டா அவியளுக்கு என்ன ஆகறது? ஒரு வாரம் நடை நின்னா அந்த இதயம் தாங்குமா? உடு சிந்து, ஒரு சுத்து மட்டும் போயிட்டு வந்தர்றேன்.” சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அக்கா அழுது நான் பார்த்தது அன்றுதான். ஒரு மனுஷி இன்னொரு உயிரைத் தன் இரண்டு காலில் சுமந்துகொண்டிருந்தால் காய்ச்சல்கூட ஒழுங்காகக் காய முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வளையைக் கண்டுபிடித்தவர்கள் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது.

பின்னால் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டுத் திரும்பினோம். கட்டிலை விட்டுக் கீழே கால் வைக்காத பூபதியண்ணன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். இரண்டு காலும் வெடவெடவென்று ஆடின.

“போகாதே தாரணி” என்றார். “நீ நடக்காட்டியும் எனக்கு ஒண்ணும் ஆகாது. என்னைய நம்பு.”

அக்கா காய்ச்சலையும் மறந்து ஓடிப்போய் அவரைத் தாங்கிக்கொண்டார். அந்த வாரம் முழுக்க அக்கா நடக்கவில்லை. ஆனாலும் திரையில் வந்த டாக்டர், அண்ணனின் இதயம் ஒரு துளிகூடப் பின்வாங்கவில்லை என்றார். “இவ்வளவு நாள் நீங்க நடந்தது சேமிப்பா இருந்திருக்கும்மா” என்றார். நாங்களும் ஆமாம் ஆமாம் என்றோம்.

ஒரு வருஷம் ஆனதும், நாற்பது வயது தாண்டியவர்களுக்காக அந்த ஆஸ்பத்திரி நடத்திய கூட்டத்துக்கு அக்காவைப் பேச அழைத்தார்கள். மண்டபம் நிறைந்திருந்தது. அக்கா பட்டுப்புடவை கட்டி, இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் அடுக்கியிருந்தார். முன் வரிசையில் கைத்தடியோடு பூபதியண்ணன். காரிலிருந்து இறங்கி அந்த நாற்காலி வரை தானே நடந்து வந்திருந்தார்.

“கொடுக்கறவங்க உடம்பு இளைக்கும்னு தெரிஞ்சே கொடுக்க வந்தவங்க இவங்க” என்று டாக்டர் ஆரம்பித்தார். “ஆனா இவங்க இளைக்கலை. தசை கூடியிருக்கு, எலும்பு கெட்டியாயிருக்கு. நாங்க கொடுத்த கணக்கையே பொய்யாக்கிட்டாங்க. எப்படின்னு அவங்களே சொல்லட்டும்.”

அக்காவுக்கு மேடையெல்லாம் பழக்கமில்லை. மைக்கைக் கரண்டி மாதிரி பிடித்துக்கொண்டார். “பாதி போயிரும்னாங்க. அதனால ரெண்டு மடங்கு நடந்தேனுங்க. பசிக்கறப்பத் தின்னேன், போதும்னதும் எந்திரிச்சேன். எங்கிட்ட வேற வித்தையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நாப்பதுல ஆரம்பிங்க. உட்டுட்டீங்கன்னா அம்பதுல ஆரம்பிங்க. அதும் போச்சுன்னா நாளைக்குக் காலைல குளக்கரைக்கு வந்துருங்க, நான் அங்கதான் இருப்பேன்.”

கைதட்டல் அடங்கவே இல்லை. டாக்டர் உற்சாகத்தில், “கொடுத்த கையை எல்லாரும் பாருங்க!” என்று அக்காவின் வலது கையைப் பிடித்து உயர்த்தினார். கண்ணாடி வளையல்கள் சரசரவென்று முழங்கைக்கு இறங்கின. மணிக்கட்டில் ஒன்றும் இல்லை. டாக்டரின் சிரிப்பு அப்படியே நின்றது. மெதுவாக அக்காவின் இடது கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு முன் வரிசையில் கைத்தடி பிடித்திருந்த வலது கையைப் பார்த்தார். அங்கே செம்பு வளை மின்னியது. கூட்டத்துக்கு ஒன்றும் தெரியவில்லை, அது பாட்டுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தது.

மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குள் எங்கள் மூன்று பேரையும் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார் டாக்டர். “எப்போலேர்ந்து இடது கையில போட்டிருக்கீங்க?”

“மொதல் வெள்ளிக்கிழமையில இருந்துங்க. ஆம்பளைக்கு வலது, பொம்பளைக்கு இடதுதானுங்க?” என்றார் அக்கா. “காப்புன்னா அப்படித்தானுங்க கட்டுவாங்க.”

“அம்மா, இது காப்பு இல்லை. கொடுக்கறவங்க வலதுன்னு சொன்னேனே!” டாக்டர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். “தப்பு எங்க மேலயும்தான். எங்க திரையில இணைப்பு ஓடுதான்னு மட்டும்தான் பார்த்துட்டிருந்தோம், யாருலேர்ந்து யாருக்குன்னு பார்க்கவே இல்லை. நீங்க ஒரு நாளும் கொடுக்கலைம்மா. நீங்க நடந்தது பூராவும் உங்களுக்கே தங்கியிருக்கு. இவர்தான் உங்களுக்குக் கொடுத்திருக்கார்.”

“அவியளா? படுத்துக் கெடந்தவிய எதைக் குடுத்தாங்க?”

டாக்டர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கைத்தடியின் பிடியைத் தடவிக்கொண்டே, “எனக்குத் தெரியுமுங்க” என்றார். “ரெண்டாம் நாளே தெரிஞ்சுபோச்சு. பந்தை அமுக்குனா வளை சுடுது. சும்மா இருந்தா ஆறிப்போவுது. அவ குளத்துல நடக்கறப்ப ஒண்ணுமே ஆகறதில்லை. அப்ப நான்தான குடுக்கறேன்?”

அந்தச் சூட்டை என் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அக்காவின் வேகம் என்று நினைத்தவள் நான். என் புத்தியை என்னவென்று சொல்ல.

“தெரிஞ்சுமா சொல்லலை?” டாக்டரின் குரல் உயர்ந்துவிட்டது. “உங்க இதயம் இருந்த நிலைமைக்கு நீங்க செத்தே போயிருக்கலாம்! நீங்க அசைச்ச அந்தக் கொஞ்சத்துலயும் பாதி போயிருக்கு. மிச்சப் பாதியை வெச்சுத்தான் எழுந்து நின்னிருக்கீங்க. அது எவ்வளவு பாடுன்னு எனக்குத் தெரியும்.”

“சொன்னா மாத்திக் கட்டிருவாளுங்க. இருவது வருஷமா அவ சேத்து வெச்ச உடம்பு. நான் கண்ட கடையில தின்னு கெடுத்துட்டு வந்து அதுலயும் பாதியப் புடுங்கோணுமா?” அண்ணன் நிமிரவே இல்லை. “ஆனா நான் தேறாட்டி இவளுக்குச் சந்தேகம் வந்துரும். வளையத் திருப்பித் திருப்பிப் பாப்பா. அதுக்காகவாச்சும் தேறித்தான ஆகோணும். அதான் அமுக்குனேன், தூக்குனேன். வேற வழியில்லீங்க.”

ஊரே மெச்சிய ஒருத்தி அங்கே நின்றாள். ஊருக்கே தெரியாத ஒருத்தர் அங்கே உட்கார்ந்திருந்தார். யாரைப் பெரிதென்று சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேர் காலிலும் விழலாம் போல இருந்தது.

அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றார். கட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தார். “காய்ச்சல்ல செத்தாலும் பரவாயில்லைன்னு எந்திரிச்சனே, அப்பவாச்சும் சொன்னீங்களா? உங்களுக்காகன்னு நெனைச்சு ஒவ்வொரு அடியும் வெச்சேன். எல்லாம் எனக்கே போய்ச் சேந்துச்சா?” என்று கேட்டுவிட்டு, அறைந்த இடத்தையே தடவிக்கொண்டு அழுதார்.

“சேரட்டும். அதுக்குத்தான பாடுபட்டேன்” என்றார் அண்ணன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “இதயம் இப்ப ஓரளவு நல்லா இருக்கு. வளை இல்லாமயும் சமாளிக்கலாம். இன்னும் சில மாசம் சரியான கையில போட்டுத் தாரணியம்மா கொடுத்தா இவர் சீக்கிரம் தேறுவார். நீங்களே பேசி முடிவு பண்ணுங்க” என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அக்கா தன் வளையைக் கழற்றி வலது கையில் மாட்டியாகிவிட்டது. அதைப் பார்த்த அண்ணன் தன் வலது கையால் கைத்தடியை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை, நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு நடைச் செருப்பை மாட்டும்போது டாக்டர் அழைத்தார். “சிந்து, அவங்க ரெண்டு பேரும் எங்க? இணைப்பே அறுந்து கிடக்கு. ரெண்டு வளையும் கொடுக்கறேன் கொடுக்கறேன்னு நிக்குது, வாங்கறதுக்கு ஆளைக் காணோம்.”

எதிர் ஃபிளாட் பூட்டியிருந்தது. குளக்கரைக்கு இறங்கி ஓடினேன். கொஞ்ச தூரத்தில் இரண்டு பேரும் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அண்ணன் கைத்தடியை ஊன்றி, இடது காலை லேசாக இழுத்து நடந்தார். அக்கா தன் வேகத்தை அடக்கி அவர் பக்கத்திலேயே போனார். அக்காவின் வலது கையில் வளை. அண்ணனின் வலது கையிலும் வளை.

“ரெண்டும் வலதுல இருந்தா அது வேலை செய்யாதாமா! டாக்டர் சொல்றாங்க!” என்று கத்தினேன்.

“தெரியும்” என்றார் அக்கா, திரும்பாமலேயே. “அவிய இடதுக்கு மாத்தட்டும்.”

“அவ மாத்தட்டும் அம்மிணி” என்றார் அண்ணன்.

“அப்ப ரெண்டையும் கழட்டித்தான் எறியுங்களேன்!”

“அவிய மொதல்ல கழட்டட்டும்” என்றார் அக்கா. அண்ணன் கைத்தடியை ஓங்கி ஊன்றிக்கொண்டு ஓர் எட்டு முன்னால் வைத்தார்.

டாக்டர் இன்னும் அழைப்பில்தான் இருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். “நான் சொல்லிப் பாக்கட்டுங்களா டாக்டர்?” என்றேன். அந்தப் பக்கம் சிரிப்பா, பெருமூச்சா என்று தெரியவில்லை. “வேண்டாம், அப்படியே விட்டுடுங்க” என்றார்.

நான் போனை இடுப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்தபோது அவர்கள் புங்கமரத்தைத் தாண்டிவிட்டிருந்தார்கள். போன வருஷம் கட்டைவிரலை அசைக்க முடியாமல் கிடந்த மனிதரைப் பிடிப்பதற்கு நான் கொஞ்சம் ஓட வேண்டியிருந்தது.